சனிக்கிழமை, இரண்டு மணி இரண்டு நிமிடம்

வெள்ளிக்கிழமை. ராகு காலம் பிறக்குமுன்
காலை ஒன்பதுக்குப் பலகைக்கு உயிர் கொடுத்தேன்.
இருநூற்று எண்பது ரூபாய். இரண்டு விரல் அகலம்.
வைஃபை உண்டு. கிணற்றுமேட்டு மோட்டார் பெட்டிக்குள்
பல்லிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது.

ராயக்கோட்டையில் எங்கள் பக்கத்துக்கு
மும்முனை மின்சாரம் நடுநிசிக்கு மேல்தான்.
எனக்கோ ஓசூரில் சி ஷிப்ட்.
வால்வைத் திறக்கவும் இருபது நிமிடத்தில் மூடவும்
ஆள் வேண்டும், தூங்காத ஆள்.

முதலில் எழுதியது மோசம்.
“இருபது நிமிடம் பொறு” என்றேன். பொறுத்தது.
பொறுக்கிறவரை அதற்குக் காது கேட்காது,
போனிலிருந்து நான் “நிறுத்து” என்று அடித்தால்கூட.
ஆகவே பொறுக்கச் சொல்வதை விட்டேன்.
சுற்றிக்கொண்டே கேள் என்றேன்:
நேரம் ஆயிற்றா? இல்லை. மண் ஈரமா? இன்னும் இல்லை.
போனில் ஏதாவது? ஒன்றுமில்லை. நேரம் ஆயிற்றா?
பாப்பாவுக்கு ஜடை பின்னியபடியே
குக்கர் விசிலை எண்ணுகிற புத்தி,
அவ்வளவுதான். பெரிய வித்தை இல்லை.

ஒரே ஒரு இடத்தில் பழைய புத்தி ஒட்டிக்கிடந்தது.
வீட்டு ரவுட்டர் காணாமல் போனால்
பதினைந்து வினாடி அதையே தேடி நிற்கும்.
தேடும்போது காவல் நாய் கடித்துவிடாதிருக்க
அதற்கும் நடுநடுவே பிஸ்கட் போடச் சொல்லியிருந்தேன்.
கெட்டிக்காரி நான்.

பலகை விழித்த கணத்திலிருந்து
வினாடியில் ஆயிரமாய் எண்ணுகிறது.
நானூற்று இருபத்தொன்பது கோடியே
நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து
இருநூற்றுத் தொண்ணூற்றைந்து.
அதற்குமேல் விரல் இல்லை. மறுபடி சுழியம்.
ஏழு வாரம், பதினேழு மணி, சொச்சம்.

வெள்ளி முடிந்து சனி பிறந்த இரண்டு மணி இரண்டு நிமிடம்.
வால்வை மூட நான்கு வினாடி இருக்கையில்
ரவுட்டர் கண் மூடிற்று.
பலகை தேடி நின்று, திரும்பி வந்து, எண்ணைப் பார்த்தது:
சுழியம் தாண்டி ஏழாயிரம்.
மூடும் நேரம் வந்ததா?
இல்லை. இன்னும் நாற்பத்தொன்பது நாள் இருக்கிறது.

என் போன் கம்பெனி லாக்கரில் இருந்தது.

கிணறு வற்றி, மோட்டார் காற்றைக் குடித்து,
காயில் கருகிய வாசனை ருத்ரப்பா வீடு வரை போயிருக்கிறது.
ரீவைண்டிங் நாலாயிரத்து ஐந்நூறு.
அந்த வாரம் சந்தையில் தக்காளி கிலோ மூன்று ரூபாய்.
கணக்கு நீங்களே போடுங்கள்.

யோசித்தால் சிரிப்புதான் வருகிறது.
இதற்கு முன்பு வாரம் நாலு முறை கரண்ட் போகும்.
போகும்போதெல்லாம் பலகை எல்லாம் மறந்து
ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும்.
தப்பு உள்ளேயே இருந்தது, வயசுக்கு வராமல்.
நான்தான் பெருமைக்கு
பழைய பைக் பேட்டரி ஒன்றை மாட்டி
அதைச் சாகாமல் வளர்த்தேன்.

திருத்தியது ஒரு வரி.
மூடும் நேரத்தை முன்கூட்டி எழுதி வைக்காதே,
திறந்த நேரத்தை இப்போதிலிருந்து கழித்துப் பார்.
எண் சுழியத்தைத் தாண்டினாலும் கழித்தல் தப்பாது.
பதினொன்றுக்குத் தூங்கி இரண்டுக்கு விழித்தால்
மூன்று மணி நேரம் என்பாள் பாப்பா.
மைனஸ் ஒன்பது என்று எந்தக் குழந்தையும் சொல்லாது.
நான் சொல்லியிருந்தேன்.

இப்போது புதிதாய் ஒன்று எழுதினால்
எண்ணை விளிம்புக்கு ஒரு நிமிடம் முன்னே நிறுத்தி
அங்கிருந்து ஓடவிட்டுப் பார்க்கிறேன்.
அடுப்பில் சாதம். மேசையில் பலகை.
கிளிக். மூடிக்கொண்டது.

நேற்று ருத்ரப்பா வந்தார்.
தன் கொத்தமல்லிக்கும் ஒன்று வேண்டுமாம்,
பணம் அறுவடைக்குப் பிறகாம்.
“பேட்டரி மட்டும் வேண்டாம், முனிலட்சுமி.
கரண்ட் போனால் போகட்டும்,
அதுவும் கொஞ்சம் மறக்கட்டும்.”